பெங்களூரில் வேலை தேடும் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 மார்ச்சில் எனக்கு வேலை போனது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆறு வருஷ அனுபவம் இருந்ததால் இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது. அதற்கப்புறம் அல்சூரில் ஒரு தோழி வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து வேலை தேடுகிறவர்களின் ரெஸ்யூமேவைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறோம். வேலூர், தர்மபுரி, சேலம் பக்கமிருந்து மடிவாளாவில் பஸ் இறங்கிய பிள்ளைகளும் வருகிறார்கள், ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நூறு இடத்துக்கு மேல் அப்ளை பண்ணிவிட்டேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. என்னிடம்தான் குறையா?

இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

2021, 2022-ல் கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுத்தன. அப்புறம் அமெரிக்காவில் விலைவாசி ஏறியது. அதை அடக்க அங்கே மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி 2023 ஜூலையில் 5.25-5.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வட்டி ஏறினால் அங்கிருக்கும் வங்கியும் கடைக்காரரும் முதலில் நிறுத்துவது புது புராஜெக்டைத்தான். அந்த புராஜெக்டை நம்பித்தான் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் ஐடி கம்பெனிகளில் நாற்காலிகள் இருக்கின்றன. ஸ்டார்ட்அப்களுக்கு வந்த முதலீடும் அதே காலத்தில் வற்றியது. 2023-24 நிதியாண்டில் மட்டும் டிசிஎஸ்ஸில் 13,249 பேர், இன்போசிஸில் 25,994 பேர், விப்ரோவில் 24,516 பேர் குறைந்தார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. போனவர்களின் இடத்தில் புது ஆள் போடவில்லை. அந்தக் காலியிடத்துக்குத்தானே நீங்கள் அப்ளை பண்ணுகிறீர்கள்? 2025 ஜூலையில் டிசிஎஸ் இன்னும் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அத்தனை அனுபவசாலிகளும் உங்களோடு அதே வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

அதனால் பதில் வராததை உங்களுக்குக் கிடைத்த மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரம், நூறு இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேவை அனுப்பியிருந்தால் அதை மாற்றியாக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

வேலை போனதை வீட்டில் சொல்லலாமா? அம்மா தாங்க மாட்டார்.

சொல்லுங்கள். இந்தப் பக்கத்திலேயே நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மறைத்தேன். அம்மா தினமும் ஆறரை மணிக்கு, ஆபீஸ் விடும் நேரம் பார்த்து, போன் பண்ணுவார். ஆறு இருபத்தைந்துக்கே நான் தங்கியிருந்த பிஜி விடுதியின் மூன்று மாடியும் இறங்கி, ஓசூர் ரோட்டு ஓரத்தில் போய் நிற்பேன். பஸ் சத்தமும் ஹாரனும் போனில் கேட்க வேண்டும் என்பதற்காக. "கிளம்பிட்டியா?" என்பார். "இப்பதாம்மா, பஸ்ஸுக்கு நிக்கறேன்" என்பேன். போனை வைத்ததும் திரும்ப மாடி ஏறுவேன். ஐடி கார்டை ஒப்படைத்துவிட்டிருந்தேன். அதன் கயிறு மட்டும் கதவுக் கொக்கியில் தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மறைக்க ஆரம்பித்தால் அது அம்மாவோடு நிற்காது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றால் சித்திக்குத் தெரியக் கூடாது. சித்தி மகனுக்கும், அவனோடு படித்த என் பழைய டீம்மேட்டுக்கும் தெரியக் கூடாது. இப்படியே யாரிடமும் சொல்லாமல் போனது. ஐந்தாவது மாதம், வேறு வழியில்லாமல் அந்த டீம்மேட்டுக்கு மெசேஜ் போட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா, ரெண்டு மாசம் முன்னாடி எங்க டீம்லயே ஒரு இடம் இருந்துச்சு" என்றான். அடுத்து வந்த இடத்துக்கு என் பெயரைக் கொடுத்ததும் அவன்தான்.

ஆள் எடுப்பது குறைந்த காலத்தில், இருக்கிற ஒன்றிரண்டு இடமும் போர்ட்டலுக்கு வருவதற்குள் உள்ளே இருப்பவர்கள் சொல்லும் பெயரால் நிரம்பிவிடுகிறது. உங்களுக்கு வேலை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே உங்கள் பெயரைச் சொல்வார்கள்?

வீட்டில் சொல்லும்போது வெறுமனே "வேலை போச்சு" என்று நிறுத்தாதீர்கள். கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றவர்களுக்குப் பாதி பயம், பிள்ளை என்ன செய்கிறது என்றே தெரியாததால் வருவது.

ஹெச்ஆர் கூப்பிட்டு "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "ஒரு நாள் டைம் கொடுங்க, படிச்சுட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் எந்தத் தேதிக்குக் கைக்கு வரும், மருத்துவக் காப்பீடு எதுவரை என்பதை மெயிலில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. அதை மெயிலில் மரியாதையாகக் குறிப்பிடுங்கள்.

நிரந்தர ஊழியராக ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உங்கள் உரிமை. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில்.

இன்னொன்று. பிஎஃப் கணக்கில் நீங்கள் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கம்பெனி அதைப் போடாமல் விட்டால் அடுத்த இடத்தில் சிக்கல் வரும். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால், யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் அடையாள எண்ணை வைத்து அந்தத் தேதியை நீங்களே ஆன்லைனில் ஏற்றலாம். இது தெரியாமல் பழைய ஹெச்ஆருக்கு மெயில் போட்டுப் போட்டு ஓய்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தில் ஏதாவது பணம் கிடைக்குமா?

கொஞ்சம் கிடைக்கும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள் என்றால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போய் முப்பது நாள் கழிந்ததும் விண்ணப்பிக்கலாம். சராசரி தினக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரே தடவை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது. காலக்கெடு வைத்து நீட்டித்துக்கொண்டே வரும் திட்டம் என்பதால், போவதற்கு முன் உங்கள் இஎஸ்ஐ கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெங்களூரிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கர்நாடக அரசின் யுவ நிதி இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500, இரண்டு வருஷம் வரை. படித்து முடித்து ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காதவர்களுக்கானது. வீட்டில் பேசுவது தமிழ் என்பதால் நமக்குக் கிடையாது என்று நினைத்துக் கேட்காமலே விட்டவர்கள் மர்ஃபி டவுனில் இருக்கிறார்கள். அங்கே பார்ப்பது கர்நாடகத்தில் குடியிருப்பையும் படிப்பையும்தான்.

ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினால் வேலை நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா?

தர்மபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவன் முதல் தடவை வந்தபோது மடியில் ஒரு நீலக் கலர் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சான்றிதழ். பத்தாம் வகுப்பு இருந்தது, பன்னிரண்டு இருந்தது. டிகிரி இருக்க வேண்டிய உறை காலி. எங்கே தம்பி என்றால், "கோர்ஸ் முடியிற வரைக்கும் ஒரிஜினல் அங்கயே இருக்கட்டும்னு வாங்கி வச்சிருக்காங்கக்கா" என்றான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 60,000 கட்டியிருக்கிறான். கோர்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நேர்காணல் என்று அனுப்பிய இரண்டு இடத்தில் ஒன்றில் அப்படி ஒரு வேகன்சியே இல்லையாம். இரண்டாவதில் இன்னொரு 40,000 கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பேர் அவனோடு போனோம். முதல் தடவை மேனேஜர் இல்லை. இரண்டாம் தடவை "நாளைக்கு வாங்க". மூன்றாம் தடவை போலீசுக்கு எழுதிய புகாரின் நகலை மேசையில் வைத்தோம். பத்து நிமிஷத்தில் சான்றிதழ் வந்தது. பணம் வரவில்லை.

எல்லாப் பயிற்சி நிலையமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்வதற்காகப் போகிறீர்களா, போங்கள். வேலைக்காகப் பணம் கட்டாதீர்கள். இரண்டு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். போன பேட்சில் வேலை கிடைத்த மூன்று பேரிடம் நீங்களே தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யார் கேட்டாலும், கம்பெனியே கேட்டாலும், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

"பேக்டோரில் இரண்டு லட்சம் கொடுத்தால் ஆஃபர் லெட்டர்" என்கிறார்கள். உண்மையாகவே கிடைத்தவர்கள் இருக்கிறார்களே?

கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரும் ஒரு காகிதம்தான், அச்சடித்துக் கொடுத்துவிடலாம். லெட்டர் மெயிலில் வந்தால், அனுப்பிய முகவரியில் @ குறிக்குப் பின்னால் கம்பெனியின் சொந்தப் பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். டெலிகிராமில் ரேட்டிங் போட்டால் பணம் என்று வருவது, லேப்டாப்புக்கு டெபாசிட் கேட்பது எல்லாம் ஏமாற்று. பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கால் சென்டர் என்று வந்தால் இன்னும் கவனம். 2022-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது. இந்த ஆட்கள் குறி வைப்பது யாரை? வேலை இல்லாததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிறவர்களை. ஒரே ஒருவரிடம் காட்டியிருந்தால் கூட "இது சரியில்லையே" என்று சொல்லியிருப்பார்கள்.

மூன்று வருஷ அனுபவம் இருப்பதாகப் போட்டுக்கொள்ளட்டுமா? எல்லாரும் போடுகிறார்களே.

வேண்டாம். யுஏஎன் எண்ணைக் கொடுத்தால் எந்த மாதம் எந்தக் கம்பெனி பிஎஃப் கட்டியது என்பது வரிசையாக வந்துவிடும். வேலையில் சேர்ந்து ஐந்தாவது மாதம் வெரிஃபிகேஷனில் பிடிபட்டு வெளியே வந்த பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். அந்த ஐந்து மாதத்தையும் இப்போது ரெஸ்யூமேவில் போட முடியவில்லை.

என் ரெஸ்யூமேவில் என்ன தப்பு?

பெரும்பாலும் நீளம். நாலு பக்கம், அப்பா பெயர், மதம், கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து. இதெல்லாம் தேவையில்லை. இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.

இன்னொரு தப்பு, அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, ஓரத்தில் வண்ணக் கட்டம் போடுவது. ரெஸ்யூமேவை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, மொத்தத்தையும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிகள் முன்பின்னாகக் குழம்பிக் கிடந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும்.

அப்புறம், "டெஸ்டிங் செய்தேன்" என்று எழுதாதீர்கள். எதை, எத்தனை பேர் டீமில், என்ன கோளாறைக் கண்டுபிடித்தீர்கள்? சேலத்துத் தங்கச்சி ஒருத்தியின் ரெஸ்யூமேவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பேசப் பேசத்தான், பில்லில் வரி இரண்டு தடவை ஏறுவதை ரிலீசுக்கு முந்தின நாள் ராத்திரி அவள்தான் பிடித்தாள் என்று தெரிந்தது. "அது சாதாரண வேலைதானேக்கா, அதையெல்லாம் எழுதுவாங்களா?" என்றாள். அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.

கன்னடம் தெரியாவிட்டால் வேலை தர மாட்டார்களா? உள்ளூர்க்காரர்களுக்குச் சட்டம் வந்துவிட்டதாமே?

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற பதவிகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று. எதிர்ப்பு வந்ததும் இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள். ஹரியானாவில் இதே மாதிரி வந்த 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் அங்கே உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஐடி நேர்காணலில் கன்னடம் கேட்பது அபூர்வம். கடை, மருத்துவமனை வரவேற்பு, டெலிவரி, சேல்ஸ் வேலைகளில் கேட்பார்கள், அது நியாயமும்கூட. சட்டம் இருக்கட்டும், வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்குப் பேச்சுக் கன்னடம் ஆறு மாதத்தில் வந்துவிடும். "கன்னடா கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்பதோடு நிறுத்தாமல் "சொல்ப சொல்ப பருத்தே" (கொஞ்சம் கொஞ்சம் வரும்) என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இங்கேயே இருந்து தேடுவதா, ஊருக்குப் போய்விடுவதா?

பிஜி வாடகையும் சாப்பாடும் மூன்று மாதத்துக்குக் கையில் இருந்தால் இருங்கள். அதற்குக் கீழே போனால் ஊருக்குப் போய்த் தேடுங்கள். முதல் சுற்று நேர்காணல் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான் நடக்கிறது. நேரில் கூப்பிட்டால் ராத்திரி பஸ் ஏறி வந்துவிடலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்துவிட்டதால், எலக்ட்ரானிக் சிட்டிக்கு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்காமல் போய்ச் சேரலாம்.

டிப்ளமோ, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் ஏன் பெங்களூரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. 40 கிலோமீட்டரில் ஓசூர் இருக்கிறது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஐடிக்காரர்களும் அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் தங்கித் தேடினால் வாடகை குறையும்.

எனக்கு 43 வயது, வீட்டுக் கடன் இருக்கிறது. என்னை யார் எடுப்பார்கள்?

உங்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். தவணை தவறுவதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கிரெடிட் கார்டில் வீட்டுச் செலவை ஓட்டாதீர்கள்.

சர்வீஸ் கம்பெனிகளைவிட ஜிசிசி என்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் சொந்த மையங்களைப் பாருங்கள். இந்தியாவிலேயே அவை அதிகம் இருப்பது பெங்களூரில்தான், அனுபவத்துக்கு மதிப்புக் கொடுப்பதும் அங்கேதான் கொஞ்சம் அதிகம் என்பது நான் பார்த்தது. பழைய சம்பளத்திலிருந்து குறைத்து வாங்குவது தோல்வி இல்லை. ஆனால் எதுவரை குறைக்கலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிக்கொண்டு போங்கள், போனில் ஹெச்ஆர் கேட்கும்போது யோசிக்காதீர்கள்.

இடைவெளி விழுந்துவிட்டதே, என்ன சொல்வது?

"2024 ஜூனில் டீமையே மூடினார்கள், அதிலிருந்து தேடுகிறேன், இடையில் இதைக் கற்றுக்கொண்டேன்." மூன்றே துண்டு. இதற்கு மேல் விளக்க ஆரம்பித்தால்தான் சந்தேகம் வரும்.

மூன்று சுற்று முடிந்து, சம்பளம் வரை பேசிவிட்டு, அப்புறம் போனையே எடுப்பதில்லை. இதை எப்படித் தாங்குவது?

தாங்குவது கஷ்டம்தான். எனக்கு அது மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை, வரவேண்டிய மெயில் ஸ்பேமில் இருக்குமோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். ஒரு நல்ல நிறுவனம் "இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடலாம். நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசிய மனிதருக்கு அந்த ஒரு வரி கூடத் தராதது தவறு, அதை நான் எங்கேயும் சொல்வேன். இதைப் படிக்கிறவர்களில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த வரியை எழுதுங்கள்.

தேடுகிறவர்களுக்கு: ஒரு தடவை மெயில் போடுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதற்குமேல் அந்தப் பெயரை நோட்டில் அடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். காலையில் குளித்து, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, ஒரு நேரத்துக்கு உட்காருங்கள். மதியத்துக்கு மேல் போர்ட்டலைத் திறக்காதீர்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பண்ண என்று தோன்ற ஆரம்பித்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு நடத்தும் இலவச உதவி எண். தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதென்றால் என்ன கொண்டு வர வேண்டும்?

ரெஸ்யூமே இரண்டு பிரதி. எங்கெங்கே அப்ளை பண்ணினீர்கள் என்று எழுதிய நோட்டு. இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாள், அங்கேயே எழுதிக்கொள்ளலாம். உங்களோடு படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள் என்று இருபது பேர் பெயர். முதல் அரை மணி நேரம் அந்த இருபது பேரில் ஐந்து பேருக்கு அங்கேயே உட்கார்ந்து மெசேஜ் போட வைப்போம். கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. ஒரிஜினல் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.